கேமரா வாங்கிய மருமகளுக்கு

புதுக் கேமராவைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாய். கூடவே ஒரு மனுவும் ஒரு கேள்வியும். ஊர் ஊராகப் படக்காரர்கள் பதிப்புரிமைச் சட்டத் திருத்தங்களை எதிர்த்துக் கையெழுத்துத் திரட்டுகிறார்களே, நானும் போடலாமா அத்தை என்று கேட்டிருந்தாய். பாலிக் புலாவ் கடைத்தெருவில் உன் மாமா ஸ்டூடியோ நடத்திய காலமெல்லாம் கேமராவைத் தொட்டது அவர். ரசீதுப் புத்தகமும், நெகட்டிவ் உறைகளும், பென்சில் பிடித்து முகத்துத் தழும்பை மறைக்கும் ரீடச்சிங் வேலையும், வாடிக்கையாளர் சண்டையும் என் பங்கு. ஆகவே ஒளியைப் பற்றி என்னிடம் கேட்காதே. படம் யாருக்குச் சொந்தம் என்ற சங்கதியில் மட்டும் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. அதைச் சொல்கிறேன்.

1. கையெழுத்துப் போடுமுன் சட்டத்தைப் படி. நம் மலேசியப் பதிப்புரிமைச் சட்டம் 1987இல் வந்தது. சட்ட எண் 332. அதில் புகைப்படம் கலைப்படைப்பு என்ற வகையில் வருகிறது. உன் முயற்சியில் நீ எடுத்த படத்துக்கு எங்கேயும் போய்ப் பதிய வேண்டியதில்லை, எடுத்த மாத்திரத்தில் உரிமை பிறந்துவிடுகிறது. விருப்பம் உள்ளவர்கள் மைஐபிஓ எனப்படும் அறிவுசார் சொத்துக் கழகத்தில் அறிவிப்புக் கொடுத்து வைக்கலாம் என்ற ஏற்பாடு 2012இல் வந்தது. வழக்கு என்று போனால் அந்தத் தாள் சான்றாக நிற்கும். அதே 2012இல் இன்னொன்றும் நடந்தது. அதுவரை புகைப்படத்துக்கு மட்டும் தனிக் கணக்கு: வெளியான பிறகு 50 ஆண்டு, அதோடு சரி. ஓவியருக்கோ ஆயுள் முழுவதும், அதற்குப் பின் 50 ஆண்டு. அந்தத் தனிப்பிரிவை நீக்கி, படக்காரரையும் ஓவியருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். இந்தியாவிலும் அதே ஆண்டுதான் இதே மாற்றம் வந்தது; அங்கே ஆயுளுக்குப் பின் 60 ஆண்டு. நம் கோப்பிக்கடைகளில் எந்தப் படக்காரரும் இதைப் பேசி நான் கேட்டதில்லை. திருத்தம் என்றதும் திருடன் வந்துவிட்டான் என்று கூவுகிறவர்கள் வரவு வைத்த திருத்தத்தையும் ஒரு தடவை படித்திருக்க வேண்டும்.

2. சொந்தக்காரர் கல்யாணம் என்றால்தான் கட்டாயம் தாளில் எழுது. இதுதான் நான் சொல்வதிலேயே பெரிய சங்கதி, பொறுமையாகக் கேள். நம் சட்டத்தின் 26ஆம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? ஒருவர் கேட்டுக்கொண்டு, உன்னை அமர்த்தி எடுக்கச் சொன்ன படம் என்றால், அதன் பதிப்புரிமை அமர்த்தியவருக்குப் போய்விட்டதாகவே கொள்ளப்படும். அப்படிப் போகாமல் நிறுத்த வேண்டுமானால் இருவருக்கும் இடையே மாற்று ஒப்பந்தம் இருக்க வேண்டும். சம்பளத்துக்கு வேலை பார்த்தால் முதலாளிக்கும் அப்படியே.

உன் மாமாவுக்கு இது தெரியாது. ஒரு நிறுவனம் அவரைக் கூப்பிட்டு, சுங்கை பூரோங் பக்கத்து நெல்வயலையும் புலாவ் பெத்தோங் படகுகளையும் சிற்றேடு ஒன்றுக்கு எடுக்கச் சொன்னது. நல்ல கூலி. அடுத்த ஆண்டு அதே வயல் நாட்காட்டியில் வந்தது. பிறகு பலகாரத் தகரத்தின் மூடியில் வந்தது. மாமா சட்டையை மாட்டிக்கொண்டு சண்டைக்குப் போனார். அங்கிருந்த கிளார்க் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்து, நிதானமாக, நாங்கள் கேட்டுத்தானே எடுத்தீர்கள் என்றார். மாமாவிடம் காட்ட ஒரு தாளும் இல்லை. ஃபோனில் பேசியது, கை குலுக்கியது, அவ்வளவுதான். திரும்பி வந்த இரவு அவர் சாப்பிடவில்லை. எனக்கு அந்த நிறுவனத்தின் மேல் வந்த கோபத்தைவிட, நல்லவர்களிடம் தாள் கேட்டால் மரியாதையாக இருக்காது என்று அவர் எத்தனையோ முறை சொன்னதன் மேல் வந்த கோபம் அதிகம். கூச்சத்துக்குக் கொடுக்கிற விலை அது.

உலகம் எங்கும் இந்த விதி ஒரே மாதிரி இல்லை. கனடாவிலும் முன்பு அமர்த்தியவருக்கே உரிமை. அங்குள்ள படக்காரர்கள் நெடுநாள் கேட்டுக் கேட்டு 2012இல் அதை மாற்றினார்கள். சிங்கப்பூரில் 2021 நவம்பர் 21 அன்று நடப்புக்கு வந்த புதுச் சட்டம், எடுத்தவருக்கே முதல் உரிமை என்று திருப்பி எழுதியது. இந்தியாவில் கூலி வாங்கிக்கொண்டு எடுத்த படம் இன்னும் பொதுவாக அமர்த்தியவருக்குத்தான். நாம் எதையாவது கேட்டுப் போராடுவதென்றால் நான் முதலில் கேட்பது இந்த 26ஆம் பிரிவின் மாற்றத்தைத்தான். அது மாறும்வரை உன் ஒப்பந்தத்தில் ஒரு வரி போதும்: பதிப்புரிமை எடுத்தவரிடமே இருக்கும், வாடிக்கையாளர் இன்ன இன்ன வகையில் பயன்படுத்தலாம். அண்ணன் மகன் கல்யாணமா, அண்ணனிடம் முதலில் கையெழுத்து வாங்கு. பின்னால் மனக்கசப்பு வருகிறதெல்லாம் உறவுக்குள்தான்.

3. உரிமை உன்னுடையது என்பதால் முகமும் உன்னுடையது ஆகிவிடாது. ஸ்டூடியோ வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கும், பார்த்திருப்பாய். அழகான மணப்பெண் படம் ஒன்றை மாமா பெரிதாக்கி அதில் வைத்தார். அந்தப் பெண்ணின் தகப்பனார் சந்தைக்கு வந்தவர் அதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். சத்தம் போடவில்லை, என் பிள்ளை படத்தைக் கடைத்தெருவில் நிற்க வைத்துவிட்டீர்களே என்று மட்டும் சொன்னார். நான் அப்போதே எடுத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு வாசலில் வைக்கும் ஒவ்வொரு படத்துக்கும் ரசீதின் பின்புறம் சம்மதம் எழுதி வாங்கும் வழக்கத்தை நானே கொண்டு வந்தேன், மாமா முணுமுணுத்தபடியே ஒத்துக்கொண்டார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அமர்த்தியவருக்கே உரிமை என்ற பழைய விதிக்குப் பின்னால் அந்தத் தகப்பனாரைப் போன்றவர்களின் பயமும் இருக்கிறது. சிங்கப்பூர்க்காரர்கள் உரிமையைப் படக்காரருக்குக் கொடுத்தபோதும், எந்தக் காரியத்துக்காக எடுக்கச் சொன்னோம் என்று முன்பே தெரிவித்திருந்தால் வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவதைத் தடுக்க அமர்த்தியவருக்கு வழி வைத்தார்கள். நியாயம்தானே. தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் போவாய்; அலகு குத்தி வருகிறவர் கண்மூடி நிற்கும் அந்த நேரத்துக்கு நூறு கேமரா நீளும். எடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த முகத்தை விளம்பரத்துக்கு விற்குமுன் அவரைத் தேடிப் போய்க் கேள். கேட்க முடியவில்லையா, விற்காதே.

4. உன் படத்துக்கு நியாயம் கேட்கிற நீ, அடுத்தவர் படைப்பை வழியில் கிடந்ததாக நினைக்காதே. எதிர்ப்புக் கடிதத்தில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுகிற படக்காரர் தம் கல்யாண வீடியோவுக்குச் சினிமாப் பாட்டை அப்படியே போடுவார். கடை விளம்பரத்துக்குக் கூகுளில் கிடைத்த பூவை ஒட்டுவார். கேட்டால், சின்ன வேலைதானே என்பார். அவர் படத்தைக் கேட்காமல் எடுத்துக்கொண்டவனும் அதையேதான் சொல்லியிருப்பான்.

நம் ஊர்ச் சுவர்களையே எடுத்துக்கொள். பாலிக் புலாவ் கடைத்தெருவில் யூலியா வோல்ச்கோவா வரைந்த பெரிய முகங்கள் இருக்கின்றன. ஜார்ஜ் டவுன் ஆர்மேனியன் தெருவில் எர்னஸ்ட் சக்கரேவிச் 2012இல் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் இருக்கிறார்கள். பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் கலைப்படைப்பைப் படம் எடுத்துப் பிரதி போட நம் சட்டத்தின் 13ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. இது எத்தனை பெரிய வசதி என்று ஐரோப்பாக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். 2015இல் அங்கே நாடாளுமன்றக் குழு ஒன்று, பொது இடத்துக் கட்டடத்தையும் சிற்பத்தையும் வணிகத்துக்காக எடுத்தால் உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று ஒரு வாசகத்தை நுழைத்தது. படக்காரர்கள் கொதித்தார்கள், ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள், ஜூலை 9 அன்று நாடாளுமன்றம் அந்த வாசகத்தைத் தள்ளிவிட்டது. அப்படி அடுத்தவர் போராடிக் காத்த வசதி நமக்குச் சும்மாவே கிடைத்திருக்கிறது. அதற்காக ஓவியர் பெயரைக்கூடச் சொல்லாமல் அஞ்சலட்டை போட்டு விற்பது அழகா? விமானம் ஒன்றின் உடலில் தன் சைக்கிள் பிள்ளைகளைப் போன்ற ஓவியம் அனுமதி இல்லாமல் போடப்பட்டதாக 2024இல் சக்கரேவிச்சே பொதுவில் முறையிட்டார். அன்றைக்கு அவர் பக்கம் நின்று பேசிய நம் படக்காரர்கள் சிலரின் அஞ்சலட்டையிலும் அவர் பெயர் கிடையாது.

5. பெயரை விடாதே. அந்தக் காலத்தில் ஒவ்வொரு படத்தின் முதுகிலும் ஸ்டூடியோ பெயரும் நெகட்டிவ் எண்ணும் ரப்பர் முத்திரையாக விழும். ஐசி எனும் அடையாள அட்டைப் படத்துக்குக்கூட உறையில் எண் எழுதுவேன். சலிப்பான வேலை. அதன் அருமை எனக்கு லண்டன் செய்தி ஒன்றைப் படித்தபோதுதான் புரிந்தது. 2010இல் பிரிட்டன் நாடாளுமன்றத்தின் முன் ஒரு மசோதா இருந்தது. அதன் 43ஆம் பிரிவு, உரிமையாளர் யார் என்று தேடியும் கிடைக்காத படைப்புகளை, அனாதைப் படைப்புகள் என்பார்கள், உரிமம் வாங்கிப் பிறர் பயன்படுத்த வழி செய்தது. படக்காரர்கள் அந்தப் பிரிவின் எண்ணையே தங்கள் இயக்கத்தின் பெயராக்கி எதிர்த்தார்கள். அவர்கள் பயம் இது: இணையத்தில் ஏறும் படத்திலிருந்து எடுத்தவர் பெயர் அடங்கிய தகவல் உதிர்ந்துவிடுகிறது, அப்படியானால் இன்று காலை எடுத்த படமும் மாலைக்குள் அனாதையாகிவிடுமே. ஏப்ரலில் அந்தப் பிரிவு கைவிடப்பட்டது. வென்றோம் என்றார்கள். 2013இல் வேறொரு சட்டத்துக்குள் அதே யோசனை சில காப்புகளோடு திரும்ப வந்து நிறைவேறிவிட்டது.

ஆகவே இரண்டு பழக்கம் உனக்கு வேண்டும். கேமராவிலேயே உன் பெயர் கோப்போடு சேரும்படி அமைத்து வை; மூலக் கோப்பை ஒரு நாளும் அழிக்காதே. இன்னொன்று மனப் பழக்கம். ஒரு தடவை ஜெயித்ததும் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடாதே. சட்டம் கேட்கிறவர்களுக்குச் சம்பளம் உண்டு, அவர்கள் களைப்பதில்லை.

6. எதிர்த் தரப்பிலும் நல்ல மனிதர்கள் இருப்பார்கள். தோட்டத்தை விட்டு வந்த குடும்பத்துப் பாட்டி ஒருத்தி, ஓரம் கரையான் அரித்த கல்யாணப் படத்தைத் துணியில் சுற்றி எடுத்து வருவாள். மறுபடி போட்டுக் கொடு என்பாள். பின்னால் ஏதோ ஒரு ஸ்டூடியோ முத்திரை இருக்கும், அந்த ஸ்டூடியோ எப்போதோ மூடிப் போயிருக்கும். யாரிடம் அனுமதி கேட்பது? நூலகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் இதே சிக்கல் பெட்டி பெட்டியாக இருக்கிறது. அனாதைப் படைப்புச் சட்டம் அவர்களுக்காகக் கேட்கப்பட்டபோது அதில் நியாயம் இருந்தது. விளம்பர நிறுவனமும் அதே வாசல் வழியாக நுழையப் பார்த்ததில்தான் வம்பு. எதிர்க்கும்போது இரண்டையும் பிரித்துப் பேசக் கற்றுக்கொள். பாட்டியின் படத்தை மறுபடி போட விடாத சட்டம் எனக்கும் வேண்டாம்.

7. இனி இயந்திரத்தைப் பற்றி. இப்போதைய கொதிப்பெல்லாம் அதில்தான். செயற்கை நுண்ணறிவுக்கு உலகத்துப் படங்களை எல்லாம் காட்டிப் பழக்குகிறார்கள். அதற்கு எடுத்தவரிடம் கேட்க வேண்டுமா என்பது வழக்கு. நான் மேலே புகழ்ந்த அதே சிங்கப்பூர்ச் சட்டம், முறையாக அணுகக் கிடைத்த படைப்புகளைக் கணினிப் பகுப்பாய்வுக்காகப் பிரதி எடுக்க அனுமதி கொடுத்துவிட்டது. வணிக நோக்கம் இருந்தாலும் தடையில்லை. வேண்டாம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வைத்தாலும் செல்லாது. ஒரு கையால் படக்காரருக்கு முதல் உரிமை, படத்தோடு பெயர் சொல்ல வேண்டும் என்ற உரிமை, மறுகையால் இது. இத்தனைக்கும் 2016இலேயே பொதுமக்களிடம் கருத்துக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அப்போது எத்தனை படக்காரர்கள் உட்கார்ந்து எழுதினார்களோ!

பிரிட்டனில் 2024 டிசம்பரில் அரசு ஒரு யோசனையை முன்வைத்தது: நிறுவனங்கள் எடுத்துக்கொள்ளலாம், வேண்டாம் என்கிற படைப்பாளி தானே முன்வந்து சொல்ல வேண்டும். 11,500க்கும் மேற்பட்ட கருத்துகள் போய்ச் சேர்ந்தன. அரசு விரும்பிய அந்த வழியை ஆதரித்தவர்கள் மிகச் சிலர். இந்தியாவில் 2025 டிசம்பரில் அரசுக் குழு ஒன்று வேறு மாதிரி எழுதியது: முறையாக அணுகக் கிடைத்த எல்லாவற்றையும் நிறுவனங்கள் பயன்படுத்தலாம், படைப்பாளி மறுக்க முடியாது, ஆனால் பணம் கொடுத்தாக வேண்டும். பணம் வருவது நல்லதுதான். மறுக்கும் உரிமை போவது எனக்கு உறுத்துகிறது.

சொல்லாதவர் எல்லாம் சம்மதித்தவர் என்ற கணக்கை மட்டும் நீ ஏற்காதே. ஜூன் மாதத்தில் நம் மலைச்சரிவுத் தோட்டங்களில் ராத்திரியெல்லாம் டுரியான் விழுகிறது. விழுந்ததுதானே, வேலியில் எடுக்காதே என்று பலகை இல்லையே என்று யாராவது கூடையோடு நுழைந்தால் தோட்டக்காரர் விடுவாரா? அதே நேரம், இயந்திரம் என்றாலே சாபம் கொடுக்கிற கூட்டத்திலும் சேராதே. நெகட்டிவில் பென்சில் வைத்துப் பரு மறைத்தவள் நான். இன்றைக்கு அதைக் கணினி செய்கிறது, நீயும் பயன்படுத்துகிறாய். சண்டை கருவியோடு இல்லை, கேட்காமல் எடுப்பதோடுதான்.

8. உன்னிடம் வேலை செய்கிற பையனுக்கும் பெயர் கொடு. இரண்டாவது கேமரா பிடித்தவன் எடுத்த படம்தான் சில கல்யாணங்களில் ஆல்பத்தின் முதல் பக்கத்துக்கு வரும். அவன் உன் சம்பளக்காரன் என்றால் சட்டப்படி உரிமை உனக்கு. ஆனாலும் எடுத்தவர் பெயரை மறைக்காமல் இருக்கும் உரிமையை 25ஆம் பிரிவு படைப்பாளிக்குத் தனியாக வைத்திருக்கிறது. பெரிய நிறுவனங்கள் உன் பெயரைப் போடவில்லை என்று அழுதுவிட்டு வந்து அவன் பெயரை நீ விழுங்கினால், உன் எதிர்ப்புக் கடிதத்தை அவனே படித்துச் சிரிப்பான்.

9. எழுதும்போது கணக்காக எழுது. சட்ட வரைவு வந்து கருத்துக் கேட்டால், எங்கள் வயிற்றில் அடிக்காதீர்கள் என்று ஆயிரம் பேர் அனுப்புகிற ஒரே கடிதத்துக்கு ஒரு கடிதத்தின் பலம்தான் இருக்கும். எந்தப் பிரிவு, அதில் எந்தச் சொல், அதனால் பாலிக் புலாவில் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிற உனக்கு என்ன குறைகிறது, அதற்குப் பதில் எந்தச் சொல்லைப் போடலாம் என்று நாலே பத்தி எழுது. மலாயில் எழுது, உன் மலாய் என்னுடையதைவிட நன்றாக இருக்கும். நடக்காததை நடந்ததாக எழுதாதே, ஒரு பொய் அகப்பட்டால் உண்மை முழுவதும் கெட்டுப் போகும். கூட்டு மனுவில் கையெழுத்தும் போடு, தவறில்லை. அதோடு நின்றுவிடாதே.

நீ அனுப்பிய அந்த மனுவை இரண்டு தடவை படித்தேன். முதல் பாதி சரி. நூலகங்களுக்கு எந்த விலக்கும் கூடாது என்ற கடைசிப் பத்தி எனக்கு ஒப்பவில்லை. உனக்கு ஒப்புகிறதா என்று யோசித்துச் சொல். ஞாயிற்றுக்கிழமை வரும்போது அடுத்த மாதக் கல்யாணத்துக்குப் போட்ட ஒப்பந்தத்தையும் எடுத்து வா. பதிப்புரிமை வரியை எங்கே சேர்ப்பது என்று பார்த்து எழுதிக் கொடுக்கிறேன். பெண்ணின் அப்பா கையெழுத்துப் போட யோசித்தால் என்னிடம் பேசச் சொல்.